ஓ.எஸ். ஏற மறுக்கும் பழைய கம்ப்யூட்டர்: முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள்



கல்லாப் பெட்டிக்குப் பூட்டு உண்டு. கிடங்குக்குப் பூட்டு உண்டு. சரக்குக்கு இன்சூரன்ஸ் கூட உண்டு. ஆனால் ஊரில் நிற்கும் பாக்கிப் பணத்துக்கு ஒரே காவல் நமது கணக்குதான். முன்பு அந்தக் கணக்கு பேரேட்டில் இருந்தது. கரையான் அரிக்காமலும் மழைச் சாரல் படாமலும் பார்த்துக் கொண்டால் போதும். இப்போது அது மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள், உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்த அந்தப் பெட்டி ஒரு நாள் மக்கர் செய்தால், பழுது பார்க்க வருபவர் பெரும்பாலும் முதலில் சொல்வது, "ஃபார்மட் அடித்து ஓ.எஸ். புதிதாகப் போட்டு விடலாம்" என்பதுதான். பல சமயம் அது சரியான வைத்தியமாகவும் இருக்கும். ஆனால் பழையது போய், புதியதும் ஏறாமல் பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? அதைப் பற்றியே இக்கட்டுரை.

எங்கள் கடையில் நடந்தது

எங்கள் கடைக் கம்ப்யூட்டர் 2013-இல் வாங்கியது. 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் ஒன்று, 2 ஜி.பி. ரேம் அட்டைகள் இரண்டு. விண்டோஸ் 7-உடன் வந்ததைப் பிறகு விண்டோஸ் 10-க்கு மாற்றியிருந்தோம். 2024 ஜூலை மாதம் பில் போடும்போதே திரை நீலமாகி, தானே அணைந்து எழ ஆரம்பித்தது. 17-ஆம் தேதி காலையில் பழுது பார்க்கும் தம்பியை வரவழைத்தேன். 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர். 3பி தாக்கல் செய்தாக வேண்டிய அவசரம்.

"அண்ணாச்சி, விண்டோஸ் கெட்டுப் போச்சு. ஃபார்மட் அடிச்சுப் புதுசாப் போட்டா ஒரு மணி நேரத்துல ஆயிரும்" என்றார்.

"கணக்கு?" என்று கேட்டேன்.

"அது டி டிரைவ்ல இருக்கு அண்ணாச்சி. சி-யை மட்டும்தான் அடிக்கப் போறேன்."

சி டிரைவ் அழிந்தது. விண்டோஸ் ஏறத் தொடங்கி நூற்றுக்கு அறுபது வந்ததும், ஏதோ கோப்பு சேதமாகியிருக்கிறது என்ற செய்தியோடு நின்றது. மறுபடி முயன்றார், இம்முறை முப்பதில் நின்றது. மூன்றாம் முறை எண்பதைத் தாண்டி நின்றது. மாலை நான்கு மணி ஆயிற்று. வெளியே பில்லுக்குக் கூட்டம் நிற்கிறது. அப்போது அந்தத் தம்பி, "பார்ட்டிஷன் எல்லாத்தையும் அழிச்சிட்டு, டிஸ்க்கைப் புதுசாப் பிரிச்சாத்தான் ஏறும்போல" என்று சொல்லிக்கொண்டே மௌஸை நகர்த்தினார். திரையில் சி, டி இரண்டுமே வரிசையாகத் தெரிந்தன. இன்னும் ஓர் அழுத்தத்தில் எங்கள் கடையின் ஏழு வருடப் பாக்கிக் கணக்கு போயிருக்கும். "தம்பி, கையை எடுங்க, அப்புறம் பார்ப்போம்" என்று நிறுத்தினேன்.

அன்று இரவு டிஸ்க்கைக் கழற்றி, என் மகனுடைய லேப்டாப்பில் ஒரு கேபிள் மூலம் மாட்டினோம். டி டிரைவ் முழுவதும் படிந்தபடியே இருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் கணக்கெல்லாம் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்தாயிற்று. மறுநாள் புது எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கி மாட்டி, அதில் விண்டோஸ் ஏற்றிப் பார்த்தோம். அதுவும் பாதியில் நின்றது! கடைசியில் இரண்டு ரேம் அட்டைகளில் ஒன்றைக் கழற்றியதும், ஒரே மூச்சில் ஏறி முடிந்தது. கெட்டுப் போயிருந்தது ரேம். டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. முந்தின நாள் டிஸ்க்கை முழுதாக அழித்திருந்தால், கணக்கும் போயிருக்கும், விண்டோஸும் ஏறியிருக்காது.

அந்தத் தம்பியைக் குறை சொல்லி எழுதவில்லை. அவருக்கு நம் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். நமக்கு நம் கணக்கு இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கடைக்காரர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முதல் வேலை: கணக்கை வெளியே எடுங்கள்

நம்மில் பலரும் செய்யும் தவறு, டி டிரைவில் இருந்தால் பத்திரம் என்று நம்புவது. சி-யும் டி-யும் ஒரே கிடங்கில் நடுவே பலகை அடித்துத் தடுத்த இரண்டு அறைகள் போன்றவை. சி-யில் உள்ள ஓ.எஸ். கெட்டால் டி தப்பும் என்பது உண்மை. ஆனால் டிஸ்க்கே பழுதானால் இரண்டும் போகும். பார்ட்டிஷனை அழித்தால், தடுப்புப் பலகையோடு சேர்த்து இரு அறைகளின் முகவரியும் போகும்.

ஆகவே ஓ.எஸ். முதல் முறை ஏறாமல் நின்றவுடனேயே, இரண்டாம் முறை முயல்வதற்கு முன்பு, கம்ப்யூட்டரை அணைத்து டிஸ்க்கைக் கழற்றச் சொல்லுங்கள். சாட்டா-யூ.எஸ்.பி. கேபிள் என்று கேட்டால் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும். மேசைக் கம்ப்யூட்டரின் பெரிய டிஸ்க்குக்குத் தனி மின்சார அடாப்டர் உள்ள கேபிளாகப் பார்த்து வாங்க வேண்டும். அதை நல்ல நிலையில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, கணக்குகளை வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். மாட்டியதும் "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா?" என்று விண்டோஸ் கேட்டால், வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

எதையெல்லாம் எடுக்க வேண்டும்? பில் போடும் மென்பொருளின் தகவல் கோப்புறை; டாலி வைத்திருப்போர் நிறுவனத்தைத் தேர்வு செய்யும் திரையில் காட்டும் இடத்தில் உள்ள கோப்புறை முழுவதும்; டெஸ்க்டாப்பிலும் டாகுமென்ட்ஸிலும் இருக்கும் விலைப் பட்டியல்கள், எக்ஸெல் தாள்கள். டெஸ்க்டாப் என்பது வழக்கமாக சி டிரைவில் இருப்பது. எங்கள் கடையில் மொத்த விலைப் பட்டியல் போனது அப்படித்தான். பழைய தமிழ் எழுத்துருக்களையும் விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து எடுத்துக் கொள்ளுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஏற்கெனவே தவறுதலாக அழித்துவிட்டாலும் உடனே மனம் விட வேண்டாம். விண்டோஸ் ஏற்றும்போது செய்யும் விரைவு ஃபார்மட், புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது. உள்ளே பக்கங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதன்மேல் புதிதாக எதையும் எழுதாத வரை, தகவல் மீட்பவர்களால் கணிசமாக எடுக்க முடியும். எழுத எழுதத்தான் பழையது மறையும். அதனால்தான், "இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம்" என்பது ஆபத்தான வார்த்தை. எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க்கில் இந்த வாய்ப்பு மிகக் குறைவு. அழித்த இடத்தை அது தானே துடைத்துச் சுத்தம் செய்து விடும். டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால், மறுபடி மின்சாரம் கொடுக்காமல் நிபுணரிடம் கொண்டு செல்வதே நல்லது.

இது பாக்கிப் பணத்தோடு நிற்கும் விஷயமும் அன்று. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர்கள், அந்தந்த ஆண்டுக்கான ஆண்டு விவரத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 36-ஆம் பிரிவு கூறுகிறது. கம்ப்யூட்டரில் கணக்கு வைப்போர், விபத்தில் அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும் வகையில் நகல் வைத்திருக்க வேண்டும் என்பது விதி 57. "ஹார்ட் டிஸ்க் போய்விட்டது" என்று அதிகாரியிடம் சொல்வதற்கு முன் இந்த விதியை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எந்த இடத்தில் நிற்கிறது?

கணக்கு வெளியே வந்தபின் பதற்றம் பாதி குறைந்துவிடும். இனி நிதானமாகக் காரணத்தைத் தேடலாம். ஓ.எஸ். ஏறுவதில் சில கட்டங்கள் உண்டு. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே கோளாறு எங்கே என்பதைக் காட்டிக் கொடுக்கும்.

1. பென் டிரைவிலிருந்து தொடங்கவே இல்லை: கம்ப்யூட்டரை இயக்கியதும், முதலில் எதிலிருந்து தொடங்குவது என்ற வரிசையைத்தான் அது பார்க்கும். அதில் பென் டிரைவ் முதலில் இல்லையென்றால் காலியான டிஸ்க்கைத் தேடிவிட்டு, தொடங்குவதற்கு எதுவும் இல்லை என்று சொல்லி நிற்கும். இயக்கியவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்ற பொத்தான்களில் ஒன்றை அழுத்தினால் தேர்வுப் பட்டியல் வரும்; எந்தப் பொத்தான் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பட்டியலிலேயே பென் டிரைவ் இல்லையென்றால் வேறு துளையில் செருகிப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டரில் பின்பக்கத்துக் கறுப்புத் துளைதான் நம்பகமானது. பென் டிரைவும் ஒழுங்காகத் தயாரித்ததாக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே கிடைக்கும் தயாரிப்புக் கருவியைக் கொண்டு, குறைந்தது 8 ஜி.பி. அளவுள்ள பென் டிரைவில் தயாரிப்பதே சரி. சிலர் கோப்புகளைக் கையால் இழுத்துப் போடுவார்கள். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பு அதில் ஏறாது. விண்டோஸின் பிரதான கோப்பு பல சமயம் அந்த அளவைத் தாண்டும்; அது இல்லாமல் மூட்டையைக் கட்டி அனுப்பினால் பாதி வழியில்தான் தெரியும்.

2. தொடங்குகிறது, ஆனால் டிஸ்க்கே தெரியவில்லை: பெரும்பாலும் கேபிள். சாட்டா கேபிள் சற்றுத் தளர்ந்தாலே போதும். மளிகைக் கடைகளில் எலி கடித்த கேபிளும் சகஜம். கேபிளை மாற்றியும் தெரியவில்லை என்றால், பயாஸ் அமைப்புத் திரையில் டிஸ்க்கின் பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே வந்தும் விண்டோஸில் வராவிட்டால், சாட்டா முறை ரெய்டு என்று இருக்கலாம்; ஒற்றை டிஸ்க் உள்ள நம் கம்ப்யூட்டருக்கு ஏ.ஹெச்.சி.ஐ. என்று மாற்றினால் தெரியும். அங்கேயும் வராவிட்டால் டிஸ்க்கோ அதன் துளையோ போய்விட்டது என்று பொருள்.

3. டிஸ்க் தெரிகிறது, ஆனால் இதில் ஏற்ற முடியாது என்கிறது: இந்த இடம்தான் நம்மவர்கள் கணக்கைப் பறிகொடுக்கும் இடம். எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் தொடங்குவதில் இரண்டு முறைகள் உண்டு. பழையது லெகஸி, புதியது யூ.இ.எஃப்.ஐ. அதே போல் டிஸ்க்கில் பார்ட்டிஷன்களைக் குறித்து வைப்பதிலும் இரண்டு முறைகள்: பழையது எம்.பி.ஆர்., புதியது ஜி.பி.டி. பழையது பழையதோடும் புதியது புதியதோடும் சேர வேண்டும் என்பது விண்டோஸின் கட்டளை. நம் பழைய டிஸ்க் எம்.பி.ஆர். முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். 2012-க்குப் பின் வந்த பல கம்ப்யூட்டர்கள் இரு முறையிலும் தொடங்கக் கூடியவை. பென் டிரைவைப் புதிய முறையில் தொடங்கிவிட்டால், "இந்த டிஸ்க் எம்.பி.ஆர்.; ஜி.பி.டி. டிஸ்க்கில்தான் ஏற்ற முடியும்" என்ற செய்தி வரும்.

இதைப் பார்த்ததும் பலர் செய்வது, டிஸ்க்கை முழுதாக அழித்து ஜி.பி.டி. ஆக்குவது. கறுப்புத் திரையைத் திறந்து 'டிஸ்க்பார்ட்', 'கிளீன்' என்று சில வார்த்தைகள் அடித்தால் ஒரு நொடியில் சி, டி எல்லாம் போய்விடும். அதற்கு அவசியமே இல்லை. கம்ப்யூட்டரை மறுபடி இயக்கித் தேர்வுப் பட்டியலுக்குச் செல்லுங்கள். அங்கே அதே பென் டிரைவின் பெயர் இரண்டு இடங்களில் இருக்கும்: ஒன்றில் யூ.இ.எஃப்.ஐ. என்ற அடைமொழி உண்டு, மற்றொன்றில் இல்லை. அடைமொழி இல்லாததைத் தேர்ந்தெடுத்தால், அதே டிஸ்க்கில் டி டிரைவைத் தொடாமலே விண்டோஸ் 10 ஏறும். பூட்டுக்கு வேறு சாவி இருக்கும்போது கதவை உடைப்பானேன்?

4. பாதியில் நிற்கிறது: கோப்பு சேதம் என்றோ, 80070570 என்று முடியும் பிழை எண்ணோடோ நிற்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் பென் டிரைவில் உள்ள கோப்பு கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். வேறு பென் டிரைவில் புதிதாகத் தயாரித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால், எங்கள் கடையில் நடந்தது போல, ரேமையே முதலில் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸின் கோப்புகள் சுருக்கிக் கட்டிய மூட்டையாகத்தான் வருகின்றன. அவற்றை ரேமில் விரித்து, அளவு சரிபார்த்து, பிறகே டிஸ்க்கில் அடுக்கும். ரேமில் ஒரு சிறு இடம் கெட்டிருந்தாலும் எடை குறையும். மூட்டை சேதம் என்று நிறுத்திவிடும். தினசரி பில் போடும்போது அந்த இடத்தைத் தொடாமல் ஓடியிருக்கலாம். விண்டோஸ் ஏற்றும்போது அந்த இடத்தையும் தொட நேரலாம்.

செய்தி எதுவும் இல்லாமல் சட்டென்று அணைந்து போனால் சூடு காரணமாக இருக்கலாம். மாவுத் தூசியும் மிளகாய்த் தூளும் பறக்கும் கடையில் பிராசசரின் மேல் உள்ள விசிறி கம்பளி போட்டது போல மூடிக் கிடக்கும். மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். தளர்ந்திருந்தாலும் இப்படி நடக்கும். யூ.பி.எஸ். இல்லாமல் ஓ.எஸ். ஏற்ற முற்படவே கூடாது.

5. ஏறி முடிந்து, மறுபடி முதலிலிருந்தே தொடங்குகிறது: இது கோளாறே அன்று. விண்டோஸ் இடையில் தானே அணைந்து எழும்போது, பென் டிரைவ் இன்னும் செருகியிருப்பதால் மீண்டும் அதிலிருந்தே தொடங்குகிறது. முதல் முறை எழும் நேரத்தில் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால் டிஸ்க்கிலிருந்து தொடரும்.

மலிவானதிலிருந்து தொடங்குங்கள்

காரணம் தெளிவாகத் தெரியாதபோது, செலவில்லாததிலிருந்து தொடங்கி ஒன்றொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது.

முதலாவது, மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி. சி.ஆர். 2032 என்ற எண்ணில் கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். இது தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போகும். அதோடு பயாஸில் நாம் செய்த அமைப்புகளும் மின்சாரத்தை நிறுத்தும்போதெல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். ஒரு முறையில் ஏற்றத் தொடங்கிய விண்டோஸ், மறுமுறை இயக்கும்போது வேறு முறையில் தேடும். தேதி தவறாக இருந்தால் ஜி.எஸ்.டி. தளம், வங்கித் தளம் எதுவும் ஒழுங்காகத் திறக்காது. பில் தேதியும் தவறும். பத்து வருடப் பெட்டியில் இந்தப் பேட்டரியைக் கேள்வியின்றி மாற்றிவிடலாம்.

இரண்டாவது, பிரின்டர், ஸ்கேனர், தராசு, கூடுதல் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, விசைப்பலகை, மௌஸ், திரை மட்டும் வைத்து முயல்வது. கூடுதல் டிஸ்க்கைக் கழற்றுவதில் இன்னொரு நன்மை, தவறான டிஸ்க்கை அழிக்கும் அபாயமும் இருக்காது.

மூன்றாவது, தூசி தட்டுவது. மின் இணைப்பை அடியோடு துண்டித்துவிட்டு உள்ளே சுத்தம் செய்து, ரேம் அட்டையின் பொன்னிற முனையைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்தினாலே குணமான கம்ப்யூட்டர்கள் பல.

நான்காவது, ரேம் இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து முயன்று, பிறகு மற்றதை மட்டும் வைத்து முயல்வது. ஒன்றே இருந்தால் மெம்டெஸ்ட்86 என்ற சோதனையைப் பென் டிரைவிலிருந்து இரவு முழுவதும் ஓடவிடுவது. அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் நம்பத் தகாதது.

ஐந்தாவது, டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி அதன் ஆரோக்கியத்தைப் பார்ப்பது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசக் கருவி, டிஸ்க் தானே தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் படித்துக் காட்டும். எச்சரிக்கை நிறம் வந்தால், இன்று விண்டோஸ் ஏறினாலும் அந்த டிஸ்க்கில் கணக்கு வைக்கக் கூடாது.

இந்த ஐந்தும் முடிந்தபின்தான் புது டிஸ்க் வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். வாங்கினால், பழைய டிஸ்க்கை அழிக்காமல், கணக்குகள் எல்லாம் புதியதில் சரியாகத் திறக்கிறதா என்று பார்க்கும் வரை உறை போட்டுப் பீரோவில் வையுங்கள்.

ஏறிய பிறகு வரும் தொல்லைகள்

விண்டோஸ் ஏறிவிட்டது என்றதும் தம்பிக்குக் கூலி கொடுத்து அனுப்பி விடாதீர்கள். அவர் எதிரிலேயே ஒரு பில் போட்டுப் பாருங்கள். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், பார்கோடு கருவி, தராசு ஆகியவற்றுக்கு உரிய டிரைவர் மென்பொருள் இல்லாவிட்டால் அவை பேசாது. 32 பிட் விண்டோஸிலிருந்து 64 பிட்டுக்கு மாறியிருந்தால் பழைய டிரைவர் ஏற்காது, புதியதுதான் வேண்டும்.

சரக்குப் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கும் கடைகளில் ஒரு பெரிய அதிர்ச்சி காத்திருக்கும். துவரம் பருப்பு, உளுந்து என்று இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். கணக்கே சிதைந்தது என்று பதற வேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அப்படித்தான் தெரியும். முன்பு எடுத்து வைக்கச் சொன்ன எழுத்துருவை மீண்டும் போட்டதும் சரியாகிவிடும். யூனிகோட் முறையில் அடித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. புதிதாகச் சரக்குப் பட்டியல் போடுவோர் யூனிகோடிலேயே போடுங்கள்.

டாலி உரிமத்தை, கம்ப்யூட்டர் இயங்கும் நிலையில் இருந்தால், ஃபார்மட்டுக்கு முன்பே சரண்டர் செய்துவிட்டால் புதிதாக ஏற்றியபின் தடையின்றிச் செயற்படுத்தலாம்.

எந்த விண்டோஸ் என்பதும் முக்கியம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதன்பின் நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கே பாதுகாப்புத் திருத்தம். விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, யூ.இ.எஃப்.ஐ., அங்கீகரிக்கப்பட்ட பிராசசர் ஆகியவை வேண்டும். இன்டெல் பிராசசரானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் சேர்த்தி. 2013-இல் வாங்கிய பெட்டியில் இவை இருக்காது. எனவே அதில் விண்டோஸ் 11 மறுப்பது கோளாறு அன்று. நிபந்தனைகளை ஏமாற்றி ஏற்றும் வழிகள் உண்டு. ஆனால் 24ஹெச்2 என்ற பதிப்பு முதல், கோர் 2 டுவோ போன்ற மிகப் பழைய பிராசசர்களில் எந்த வழியிலும் தொடங்காது. வங்கிப் பணம் நடமாடும் கம்ப்யூட்டரில் யாரோ தயாரித்த திருட்டு நகலை ஏற்றுவது, கடைச் சாவியின் நகலைச் சந்தையில் விட்டு வருவதற்குச் சமம்.

ஆகவே பேட்டரி, ரேம், எஸ்.எஸ்.டி. என்ற அளவில் பழுது முடிந்தால் பழைய பெட்டியை, இன்டர்நெட் இல்லாமல் பில் போடுவதற்கு மட்டும் வைத்துக் கொள்ளலாம். மதர்போர்டு வரை போனால் அதில் செலவு செய்வது வீண்.

அடுத்த முறைக்கு இப்போதே

ஒவ்வொரு நாளும் கடை சாத்துமுன், கல்லா எண்ணுவது போல, கணக்கை ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். பென் டிரைவ் இரண்டு வைத்து மாற்றி மாற்றி எடுத்தால், ஒன்று கெட்டாலும் நேற்றையது இருக்கும். வாரம் ஒரு முறை இன்னொரு நகல் வீட்டுக்குப் போகட்டும். கடையில் தீயோ வெள்ளமோ வந்தால் அதுவே துணை. மாதம் ஒரு முறை அந்த நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து, ஏதாவது ஐந்து வாடிக்கையாளர்களின் பாக்கியைச் சரிபாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று எண்ணக் கூடாது.

உரிம எண்கள், மென்பொருள் விற்றவர் தொலைபேசி, கணக்கு இருக்கும் கோப்புறையின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலை அச்செடுத்துக் கோர்த்து வைப்பது பழைய பழக்கம் என்று யாரும் சிரிக்க வேண்டாம். ஜூலை 18-ஆம் தேதி காலை, கம்ப்யூட்டர் பெட்டி திறந்து கிடக்கையில், ஜூன் மாதத்து அச்சுத் தாளை வைத்துத்தான் நாங்கள் வசூலுக்குப் போனோம்.

அடுத்த முறை உங்கள் கடையில் யாராவது "ஃபார்மட் அடிக்கலாமா?" என்று கேட்டால், பதிலுக்கு ஒரே கேள்வி கேளுங்கள்: "கணக்கு இந்தப் பெட்டிக்கு வெளியே எங்கே இருக்கிறது, காட்டுங்கள்." அதைக் கண்ணால் பார்த்தபின் சரி என்று சொல்லுங்கள்.